விழுந்தா என்னா ஆகும்?

கொழும்பில் வேலை செய்யும் சிநேகிதி ஒருத்தி போன மாசம் எனக்கு ஒரு படம் அனுப்பினாள். 1950களில் இத்தாலியில் வாயால் ஊதிச் செய்த கண்ணாடி மேசை விளக்கு. அடியில் தேன் நிறம், மேலே போகப் போக பால் வெள்ளை. “இதுமாதிரி ஒன்னு மட்டும் வாங்கிட்டா போதும் மச்சி” என்று கீழே எழுதியிருந்தாள். விலையைப் பார்த்தேன். டொலரில் நாலு இலக்கம்.

அன்றைக்கு நான் டிக்கோயாவில், வீட்டில். பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அம்மாயி ஃபோனை எட்டிப் பார்த்தார்.

“என்னாது இது?”

“லாம்பு அம்மாயி. கண்ணாடி லாம்பு.”

“இதுல மண்ணெண்ணெய எங்க ஊத்துறது?”

“இது கரண்டுல எரியிறது.”

“ஓ. விழுந்தா என்னா ஆகும்?”

“உடைஞ்சிரும்.”

“உடைஞ்சிரும், அவ்வளவுதானே? அப்ப நல்ல லாம்புதான்.”

சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. விளக்கைப் பற்றி நான் வாசித்த எந்தக் கட்டுரையிலும், பார்த்த எந்த யூடியூப் வீடியோவிலும் யாரும் இதைக் கேட்டதில்லை. வடிவம், நிறம், காலம், கையெழுத்து, விலை என்று எல்லாம் பேசுகிறார்கள். விழுந்தால் என்ன ஆகும் என்று கேட்பதற்கு லயத்துக் காம்பராவில் பிள்ளை வளர்த்த ஒருத்தி வேண்டியிருக்கிறது.

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது. ஆனால் முதலில் இத்தாலி விளக்குக்கு அதற்குரிய மரியாதையைக் கொடுத்துவிடுவோம். எனக்கும் அது பிடிக்கும், பொய் சொல்ல மாட்டேன்.

வெனிஸ் நகரத்துக்குப் பக்கத்தில் முரானோ என்று ஒரு சின்னத் தீவு. 1291இல் வெனிஸ் அரசு, நகரத்துக்குள் இருந்த கண்ணாடி உலைகளை எல்லாம் அங்கே கொண்டுபோகச் சொன்னது. மரவீடுகள் நெருங்கிக் கிடந்த ஊரில் தீப்பிடித்துவிடும் என்ற பயம் அதற்கு ஒரு காரணம். கவனியுங்கள்: உலகத்தின் புகழ்பெற்ற கண்ணாடித் தீவின் கதையே நெருப்புப் பயத்தில்தான் தொடங்குகிறது.

வேலை நடக்கும் விதம் இது. மணலும் சோடாவும் சுண்ணாம்பும் உலையில் ஆயிரம் பாகைக்கு மேல் உருகிக் கிடக்கும். நீளமான இரும்புக் குழாயின் நுனியில் அந்தக் குழம்பைச் சுற்றி எடுத்து, மறுமுனையில் வாயை வைத்து ஊதுவார்கள். கையில் குழாய் சுழன்றுகொண்டே இருக்க வேண்டும். ஒரு நொடி நின்றால் கண்ணாடி ஒரு பக்கமாகத் தொங்கிவிடும். ஆறத் தொடங்கினால் மறுபடி உலைக்குள் காட்டி எடுக்க வேண்டும். நிறம் வேண்டுமென்றால் உலோக ஆக்ஸைடுகள் சேரும். ஒரு நிறத்தை இன்னொரு நிறத்துக்குள் முக்கி எடுத்து அடுக்கடுக்காகச் செய்வதற்கு ‘சொம்மெர்சோ’ என்று பெயர். கடைசியில் உருப்படியை இன்னொரு அடுப்பில் வைத்து மெல்ல மெல்ல ஆற விடுவார்கள். அவசரப்பட்டால் உள்ளே இறுக்கம் தங்கி, அடுத்த நாளோ அடுத்த மாசமோ தானாகவே வெடித்துப் பிளந்துவிடும்.

இதை ஒரு ஆள் தனியாகச் செய்ய முடியாது. தலைமைக் கைவினைஞர் ஒருவர், அவருக்கு உதவியாளர்கள், அவர்களுக்குக் கீழே வேலை பழகும் பையன்கள். எல்லாரும் ஒரே தாளத்தில் அசைய வேண்டும்.

1921இல் பாவ்லோ வெனினி என்ற மிலான் வழக்கறிஞர், ஜியாகொமோ கப்பெல்லின் என்ற பழம்பொருள் வியாபாரியோடு சேர்ந்து முரானோவில் ஒரு கம்பனி தொடங்கினார். சில வருஷத்தில் இருவரும் பிரிந்தார்கள், வெனினி பெயர் நிலைத்தது. அவர் செய்த புத்திசாலித்தனமான காரியம், வெளியிலிருந்து கட்டடக்கலைஞர்களையும் ஓவியர்களையும் உலைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து உட்கார வைத்ததுதான். கார்லோ ஸ்கார்பா 1932 முதல் 1947 வரை அங்கே வடிவமைத்தார். பிறகு ஃபுல்வியோ பியாங்கோனி வந்தார். காற்றில் உதறிய கைக்குட்டை அப்படியே உறைந்துபோன மாதிரி இருக்கும் அந்தப் பிரபலமான பூச்சாடி, 1940களின் கடைசியில் அவரும் வெனினியும் சேர்ந்து உருவாக்கியது. முரானோவுக்கு வெளியே, மிலானின் ஃபொன்டானா ஆர்த்தே நிறுவனத்துக்காக 1954இல் மாக்ஸ் எங்ராண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் ஒரு மேசை விளக்கு வடிவமைத்தார். அடிப்பாகமும் மேல்மூடியும் இரண்டுமே ஊதிய வெள்ளைக் கண்ணாடி. இரண்டுக்குள்ளும் வெளிச்சம், தனித்தனியாகவும் எரிய விடலாம். இன்றைக்கும் விற்பனையில் இருக்கிறது. பார்த்தால் நிலா மேசையில் உட்கார்ந்திருப்பது மாதிரி இருக்கும்.

இப்போது என் முதல் முறைப்பாடு. இந்த விளக்குகளின் அடியில் தேடிப் பார்த்தால் கம்பனியின் பெயர் பொறித்திருக்கும். ஏலக் கடைக்காரர்களின் பட்டியலில் வடிவமைத்தவரின் பெயர் இருக்கும். குழாயைப் பிடித்து ஊதிய ஆளின் பெயர் பெரும்பாலும் எங்கேயும் இருக்காது. சில பெரிய தலைமைக் கைவினைஞர்களைத் தவிர, உதவியாளர்களும் பையன்களும் பெயரில்லாமலே போய்விட்டார்கள். உலைக்களம் ஆண்களின் இடமாகவே நீண்டகாலம் இருந்தது. வெனிஸ் பெண்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து சின்னக் கண்ணாடி மணிகளைக் கம்பியில், நூலில் கோர்த்துக் கூலி வாங்கினார்கள். அவர்கள் பெயரும் இல்லை.

நமக்கு இது புதுசா? தேயிலைப் பெட்டியில் தோட்டத்தின் பெயர் இருக்கும், உயரம் எத்தனை அடி என்றுகூட இருக்கும். கொழுந்து எடுத்த கை யாருடையது என்று இருக்காது. ‘மேட் இன் இத்தாலி’, ‘சிலோன் டீ’ இரண்டையும் வாசிக்கும்போது எனக்கு ஒரே ஆட்கள்தான் ஞாபகத்துக்கு வருகிறார்கள்.

சரி. இப்போது நம்ம விளக்குக்கு வருவோம்.

குப்பி லாம்பு தெரியாதவர்கள் இதை வாசிக்கிறவர்களில் சிலர் இருக்கலாம், அவர்களுக்காக. காலியான மருந்துப் போத்தல் ஒன்று. மூடியில் ஆணியால் ஓட்டை. தகரத்தைச் சுருட்டி ஒரு சின்னக் குழாய். பழைய வேட்டித் துணியைக் கிழித்துத் திரி. உள்ளே மண்ணெண்ணெய். அவ்வளவுதான். ஃபியூஸ் போன பல்பிலும் செய்வார்கள். எங்கள் லயத்தில் இதைச் செய்வதில் கெட்டிக்காரர் ஸ்டோரில் வேலை பார்த்த ஒரு தாத்தாவாம். “அவரு செஞ்ச லாம்பு பொகையாது” என்று அம்மாயி இன்னும் சொல்வார். அந்த லாம்பிலும் கையெழுத்து கிடையாது.

லயத்து விளக்கைப் பற்றிப் பேசும்போது ஆற்றைப் பற்றிப் பேசாமல் முடியாது. டிக்கோயாவிலிருந்து கீழே பார்த்தால் காசல்ரீ நீர்த்தேக்கம். கெஹெல்கமு ஓயாவை மறித்துக் கட்டியது. அந்தத் தண்ணீர் சுரங்கம் வழியாகப் போய், 1965இல் தொடங்கிய விமலசுரேந்திர மின்நிலையத்தில் 50 மெகாவாட் வரை மின்சாரம் எடுத்துக் கொடுக்கிறது. பிறகு நோர்ட்டன் பிரிட்ஜ் அணையில் சேர்ந்து, பழைய லக்சபான நிலையத்தில் மறுபடியும் சுழலியைச் சுற்றுகிறது. அது 1950லிருந்தே ஓடுகிறது. பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர இந்த மலைத் தண்ணீரில் நாட்டுக்கே வெளிச்சம் கொடுக்கலாம் என்று 1918இலேயே எழுதி வாசித்தவர். அவர் கணக்கு சரியாகத்தான் இருந்தது. நாட்டுக்கு வெளிச்சம் வந்தது.

தோட்டங்களிலும் கரண்ட் இருந்தது. நிறைய ஸ்டோர்கள் ஓடையில் சின்னச் சுழலி வைத்துத் தங்களுக்குத் தேவையான மின்சாரத்தைத் தாங்களே எடுத்தன. துரை பங்களாவில் பல்பு எரிந்தது. லயத்துக்கு மட்டும் குப்பி லாம்பு. எங்கள் லயத்துக்குக் கரண்ட் வந்தபோது அம்மா பள்ளிக்கூடம் முடித்து ரெண்டு வருஷம் ஆகியிருந்தது. ஆற்றுக்கு இவ்வளவு கிட்ட இருந்தவர்கள் ஓ.எல். பரீட்சைக்குப் படித்தது மருந்துப் போத்தல் வெளிச்சத்தில். காலையில் மூக்கைத் துடைத்தால் கறுப்பாக வருமாம்.

அந்தப் போத்தல் விழுந்தால் என்ன ஆகும்? நீளமான, லேசான, உருண்டைப் போத்தல். கை பட்டால் சரியும், சரிந்தால் உருளும். மூடி இறுக்கமில்லாமல் சும்மா செருகியிருக்கும், கழன்றுவிடும். கண்ணாடி மெல்லிசு, உடைந்துவிடும். எண்ணெய் தரையில் ஓடும், எண்ணெய்க்குப் பின்னாலேயே நெருப்பும் ஓடும். காம்பராவோ பத்தடிக்குப் பத்தடி. சேலை, தொட்டில், சாக்கு, விறகு எல்லாம் அதற்குள்ளேதான். அம்மாயியின் பக்கத்துக் காம்பராவில் இருந்த ஒரு பெரியம்மா, ராத்திரி பிள்ளைக்குப் பால் காய்ச்ச எழும்பினபோது சேலை நுனி பட்டு லாம்பைச் சரித்துவிட்டார். கழுத்திலிருந்து முழங்கை வரைக்கும் தோல் சுருங்கி இழுத்திருந்ததை நானே சின்ன வயசில் பார்த்திருக்கிறேன். பயந்து அம்மாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

இது ஒரு லயத்தின் கதை மட்டும் இல்லை. மின்சாரம் எட்டாத கிராமங்கள் எல்லாவற்றிலும் நடந்தது. அப்படிக் கருகி வந்தவர்களுக்குச் சிகிச்சை கொடுத்த சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவர் இருந்தார். பெயர் டாக்டர் விஜய கொடகும்புர. வெட்டித் தைத்து அனுப்பிய பிறகும் அதே மாதிரி இன்னொருவர் வருகிறார், அதற்குப் பிறகு இன்னொருவர். வைத்தியத்தால் மட்டும் இது முடியாது, விளக்கையே மாற்ற வேண்டும் என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

அவருக்கு யோசனை கிடைத்தது எங்கே தெரியுமா? மார்மைட் போத்தலில். நம்ம வீட்டு அலுமாரியில் இருக்கிற அதே கறுப்புக் குண்டுப் போத்தல். குள்ளம், கனம், தடிப்பான கண்ணாடி. லேசில் சரியாது. அதை அடியாக வைத்து ஒரு விளக்கை வடிவமைத்தார். இரண்டு பக்கம் தட்டையாக இருக்கும், அதனால் சரிந்தாலும் உருண்டு ஓடாது. மூடி உலோகம், திருகு மூடி, அதனால் எண்ணெய் கொட்டாது. கண்ணாடி தடிப்பு, அதனால் லேசில் உடையாது. பெயர் ‘சுதீப’, நல்ல விளக்கு. தொழிற்சாலையில் லட்சக்கணக்கில் செய்து மிகக் குறைந்த விலைக்கும் இலவசமாகவும் கொடுத்தார்கள். 1998இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது.

என் கருத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். இருபதாம் நூற்றாண்டில் இந்த நாட்டில் செய்த மிகச் சிறந்த கண்ணாடி மேசை விளக்கு சுதீபதான். அதன் ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணம் ஒவ்வொன்றும் ஒரு காயத்திலிருந்து வந்தது. ஸ்கார்பாவின் பெயர் தெரிந்த நம்ம டிசைன் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு கொடகும்புரவின் பெயர் தெரியும்? எனக்கே போன வருஷம் வரைக்கும் தெரியாது. கண்ணாடியைப் பற்றித் தேடிக்கொண்டே போனதில், வெனிஸைச் சுற்றிவிட்டுத்தான் மார்மைட் போத்தலுக்கு வந்து சேர்ந்தேன். இது எனக்குப் பெருமையான விஷயம் இல்லை.

சிநேகிதியிடம் இதைச் சொன்னபோது அவள் சண்டைக்கு வந்தாள். “அதென்ன, ஏழை வீட்டுப் பொருள் பாதுகாப்பா இருந்தா போதும், பணக்கார வீட்டுப் பொருள்தான் அழகா இருக்கணுமா? லயத்துல இருக்கிறவங்களுக்கு அழகு வேணாமா?”

நல்ல கேள்வி. வேண்டும். அழகு இருந்தது. அரிக்கன் லாம்பு வைத்திருந்த வீடுகளில் சாயந்தரம் சிமிலியைச் சாம்பல் போட்டுத் துடைத்துப் பளிங்கு மாதிரி ஆக்குவது பெரிய பிள்ளையின் வேலை. தீபாவளிக்கு லாம்பு மாடத்தைச் சுற்றிச் சுண்ணாம்பு அடித்துக் காவிக் கோடு போடுவார்கள். எங்கள் ஆட்கள் வெளிச்சத்தை அழகாக வைத்துக்கொள்ளத் தெரியாதவர்கள் இல்லை. அதனால் இத்தாலி விளக்கு வீண், அதை ரசிப்பது பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. நான் கேட்பது ஒன்றுதான். ‘டிசைன்’ என்று எழுதுகிற பக்கங்களில் இரண்டுக்கும் இடம் கொடுங்கள். பொருளைப் பார்க்கும்போது யார் வடிவமைத்தார், யார் ஊதினார், விழுந்தால் யாருக்கு என்ன ஆகும் என்ற மூன்று கேள்வியையும் கேளுங்கள்.

இன்னொரு எதிர்வாதம் இன்னும் பலமானது. நல்ல குப்பி லாம்பு கொடுப்பது ஒரு தீர்வா? கரண்ட் கொடுப்பதுதானே தீர்வு? ஆமாம், சந்தேகமே இல்லை. அடுத்த வீட்டுக்கு ஆற்றை அனுப்பிவிட்டு எங்களுக்குப் பாதுகாப்பான போத்தல் கொடுத்தால் நியாயம் முடிந்துவிடாது. ஆனால் கரண்ட் வரும் வரைக்கும் ஒரு பிள்ளை கருகக் கூடாது என்று நினைத்த மனுஷனை இதற்காகக் குறைத்துப் பேசவும் கூடாது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம்.

அதுவும், கரண்ட் வந்ததோடு கதை முடிந்துவிட்டது என்று நினைத்திருந்த நமக்கு 2022 வந்தது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியால மின்வெட்டு. பரணில் கிடந்த போத்தல்கள் இறங்கின. அந்த ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே தடவையில் 340 ரூபாய்க்கு ஏறியது. அதே மாசம் மின்கட்டணமும் சராசரியாக 75 சதவீதம் கூடியது. பழைய விளக்கும் புது விளக்கும் ஒரே நேரத்தில் கைக்கு எட்டாமல் போயின. அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் இயற்கை எரிவாயு விலை ஏறி, இரவு பகலாக எரிந்த முரானோ உலைகளையும் அணைக்க வேண்டிய நிலை வந்தது. அங்கே உலையின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்ற உதவியாளருக்கும், இங்கே பாதி நாள் பேருக்கு எண்ணெய்க்கு லைனில் நின்றவருக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது. தெரிந்திருந்தால் பேச நிறைய இருந்திருக்கும்.

இன்றைக்கு என்ன? இன்றைக்கும் லயங்களில் தீப்பிடிக்கிறது. செய்தியில் பெரும்பாலும் ‘மின்கசிவு’ என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவார்கள். பழைய வயர், ஒரே பிளக்கில் நாலு வயர், ஒரே கூரையின் கீழே வரிசையாகக் காம்பரா. ஒன்றில் பிடித்தால் வரிசை முழுக்கப் போகும். அடுத்த நாள் பிள்ளைகள் கலாசார மண்டபத்தில் பாயில் உட்கார்ந்திருப்பார்கள், புத்தகம் எல்லாம் சாம்பலாகியிருக்கும். குப்பி லாம்பு போன இடத்தில் அந்த வயர் வந்து உட்கார்ந்திருக்கிறது. அம்மாயியின் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்க வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். ஒரு டாக்டர் ஒரு போத்தலைப் பார்த்த மாதிரி, நம்மில் எலக்ட்ரிக்கல் படிக்கிற ஒருத்தர், ஒரு கூட்டம், லயத்து வயரைப் பார்க்க வேண்டும். வீடு கட்டித் தரும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. வீட்டுக்காகக் கேட்பதையும் நிறுத்த முடியாது.

கடைசியாக ஒரு சின்னக் கோரிக்கை. இப்போதெல்லாம் கஃபே அலங்காரத்துக்குக் குப்பி லாம்பும் அரிக்கன் லாம்பும் தேடி ஆட்கள் வருகிறார்கள். நீர்த்தேக்கத்தைச் சுற்றியிருக்கும் பழைய துரை பங்களாக்கள் சில ஹோட்டலாகிவிட்டன, பழசு என்றாலே மவுசு. விற்பதானால் வில்லுங்கள், பசிக்கு விற்பதை நான் தப்பு சொல்ல மாட்டேன். விற்பதற்கு முன்னால் வீட்டில் பெரியவங்களிடம் கேட்டு எழுதி வையுங்கள்: இதை யார் செஞ்சது, எந்தத் தோட்டத்தில், எந்த வருஷம் வரைக்கும் எரிந்தது, இதன் வெளிச்சத்தில் யார் படித்தது, யாருக்குச் சுட்டது. ஒரு ஃபோட்டோ, பத்து வரி போதும். வெனினி விளக்குக்கு அடியில் பெயர் இருக்கிறதால்தான் இன்றைக்கும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள். நம்ம போத்தலுக்கு அடியில் மருந்துக் கம்பனியின் பெயர் மட்டும்தான் இருக்கிறது.

நான் தொடங்கிவிட்டேன். புகையாத லாம்பு செய்த அந்த ஸ்டோர் தாத்தாவின் பெயரை அம்மாயியிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

“எல்லாரும் லாம்புக்காரருன்னுதான் கூப்புடுவோம். பேரு... இரு, அவரு மக மஸ்கெலியாவுல இருக்கா. கேட்டுச் சொல்றேன்.”

அடுத்த ஞாயிறு மஸ்கெலியாவுக்குப் போகிறோம்.